ஒரு நூல் கனம்

ஏல பேராண்டி, எந்திச்சிட்டியா? மணி ஒன்பதரை. கொறை சொல்லுதேன்னு நெனச்சிராத, சும்மா மணி சொன்னேன். முந்தாநாளு நாலரைக்கே நீ எந்திச்சு லைட்டப் போட்டதுல நம்ம சேவல் பதறிப்போயி, விடிஞ்சிருச்சோன்னு ஒரு மணி நேரம் முன்னக்கூட்டியே கூவித் தொலைச்சுது. நேத்து அது கூவவே இல்ல. நீ எந்திக்கட்டும், பாத்துட்டுக் கூவிக்கிடலாம்னு இருந்திருக்கும். இன்னைக்கு அதுவும் ஒன்கூடச் சேந்து தூங்கிப்போச்சு. பொங்கலுக்கு அஞ்சு நாளு லீவுல வந்த எடத்துல ஒரு சேவலோட பொழப்பக் கெடுத்துட்டுப் போற.

ஒக்காரு. கட்டில்ல இல்ல, அது என் எடம். திண்ணையில ஒக்காரு. காலு வலிக்கா? வலிக்கத்தான் செய்யும். முத நாளே பாலம் வரைக்கும் ஓடிட்டு வந்தேல்லா. டீக்கடைக்காரன் என்னப் பாத்து, "பெரியவரே, ஒங்க பேரன எந்த நாயி வெரட்டுது"ன்னு கேட்டான். "சென்னையில இருந்தே வெரட்டிட்டு வருதுப்பா, கண்ணுக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

கையில கட்டியிருக்கியே ஒரு கடியாரம், அதையுந்தான் ரெண்டு நாளாப் பாக்குதேன். ஒக்காந்தா எந்திங்குது. எந்திச்சா நடங்குது. தண்ணி குடிச்சியாங்குது. சரியாத் தூங்கலன்னு காலையில குத்தம் வேற படிக்குது. என்ன வெலைன்னு கேட்டதுக்குப் பன்னெண்டாயிரம்னு சொன்ன. ஏல, ஒங்க ஆச்சி இந்த வேலையத்தான் அம்பது வருசமாப் பாத்துக்கிட்டிருக்கா. பேட்டரி கெடையாது, சார்ஜ் கெடையாது.

அப்பொறம் செவத்துல ஒரு தாளு ஒட்டியிருக்க. பதினோரு சங்கதி எழுதியிருக்க. நாலரைக்கு எந்திக்கணும், பச்சத் தண்ணியில குளிக்கணும், அஞ்சு கிலோமீட்டர் ஓடணும், சீனி தொடக்கூடாது, அம்பது பக்கம் வாசிக்கணும், பத்து நிமிசம் கண்ண மூடி ஒக்காரணும், இப்படியே போவுது. பதினோராவதா "நன்றியுணர்வு"ன்னு மட்டும் எழுதி விட்டிருக்க, அதை என்ன செய்யணும்னு எழுதல. நேத்து ஆச்சி வச்ச இட்லியத் தின்னுட்டுத் தட்ட அப்படியே போட்டுட்டுப் போனேல்லா, அதப் பாத்த பொறவுதான் அந்தப் பதினோராவது ஏன் பாதியிலயே நிக்குதுன்னு எனக்கு வெளங்குச்சு.

என்ன முழிக்க? தாத்தா எப்படி வாசிச்சாருன்னா? நாப்பது வயசு வரைக்கும் நான் கைநாட்டுதான் டே. பஸ்ஸ அதோட நெறத்த வச்சுத்தான் கண்டுபிடிப்பேன். ஒரு தடவ திருச்செந்தூருக்குன்னு ஏறுனவன் சாத்தான்குளத்துல எறங்கி நின்னுக்கிட்டு, முருகன் கோயிலுக்கு எப்படிப் போகணும்னு கேக்கேன்; அங்க உள்ளவனுவ சிரிக்கானுவ. தொண்ணூறுகள் தொடக்கத்துல அறிவொளி இயக்கம்னு சொல்லி ஊரு ஊரா எழுத்துச் சொல்லிக்குடுத்தாங்க. நம்ம தெருவுல டியூப் லைட்டுக்குக் கீழ, பத்தாவது முடிச்ச ஒரு பொம்பளப்புள்ள பாடம் எடுக்கும். நமக்கோ காலையும் மாலையும் மரம் ஏறி எறங்குன ஒடம்பு, ஏழு மணிக்கே கண்ணு சொக்கிரும். தமிழுக்கு 247 எழுத்துன்னு அந்தப் புள்ள சொன்ன அன்னைக்கே நான் எந்திச்சு வந்துட்டேன். மறுநாளு அது வீட்டு வாசலுக்கே வந்து, "மாமா, உயிரு 12, மெய்யி 18, மொத்தம் முப்பதுதான். மிச்சமெல்லாம் இதுக்குக் கொம்பும் காலும் சுழியும் மாட்டுறது"ன்னுச்சு. கொம்பு, காலுன்னு கேட்டதும் எனக்கு மாட்டப் பாத்த மாதிரி தைரியம் வந்துருச்சு. ஒரு நாளைக்கு ஒரு எழுத்து. அதுக்கு மேல அந்தப் புள்ள ஆசப்பட்டாலும் நான் விடமாட்டேன், மண்ட சூடாயிரும்னு சொல்லிருவேன். கடைசில ஒரு நாளு ஸ்டாப்புல நின்னு, வந்து நின்ன பஸ்ஸோட போர்டப் பாத்து, உ... ட... ன்... கு... டி...ன்னு எழுத்துக்கூட்டி முடிக்கேன், பஸ்ஸு போயிருச்சு. பஸ்ஸ விட்டுட்டு அவ்வளவு சந்தோசமா நின்ன ஆளு இந்தத் தாலுகாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அத விடு. நேத்து ராத்திரி ஒரு கணக்குச் சொன்னேல்லா, அதுக்கு வாரேன். தெனமும் ஒரு சதவீதம் நம்மளத் திருத்திக்கிட்டே வந்தா, வருசக் கடைசியில முப்பத்தேழு மடங்கு ஆயிருவோம்னு. எனக்குப் பொறவு தூக்கம் வரல. ஒன் தங்கச்சிய எழுப்பி, போனுல போட்டுப் பாரு தாயின்னேன். அவ போட்டுட்டு, "ஆமா தாத்தா, 37.78"ன்னா. கணக்குல பிசகு இல்ல. ரெண்டு வருசத்துக்குப் போடுன்னேன்: 1,427 மடங்கு. மூணு வருசத்துக்குப் போடுன்னேன்: 53,939 மடங்கு. இன்னைக்கு அஞ்சு கிலோமீட்டர் ஓடுத நீ, மூணு வருசம் கழிச்சு ஒரு காலையில ரெண்டு லட்சத்து அறுவத்தொம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுவ. பூமிய ஆறு சுத்துக்கு மேல சுத்திட்டு இட்லிக்கு வந்துருவ. சேவலு என்ன செய்யும் சொல்லு, பாவம்.

இன்னொரு பக்கமும் போட்டுப் பாத்தோம். தெனமும் ஒரு சதவீதம் கொறஞ்சுக்கிட்டே போனா வருசக் கடைசியில ரூவாய்க்கு ரெண்டரைக் காசுதான் மிஞ்சுமாம். எனக்கு எழுவத்தாறு வயசு. பத்து வருசமா நான் தெனமும் கொறஞ்சுக்கிட்டுத்தான் வாரேன். அந்தக் கணக்குப்படி நான் எப்பவோ ஆவியாப் போயிருக்கணும். இந்தா, கட்டில நெறச்சுக்கிட்டு ஒக்காந்து ஒன்னைய வம்புக்கு இழுக்கேன்.

இந்தக் கணக்கு அமெரிக்காவுல ஜேம்ஸ் கிளியர்னு ஒருத்தர் 2018ல எழுதுன "அட்டாமிக் ஹேபிட்ஸ்"ங்கிற புத்தகத்துல இருக்காம்லா? ஒன் தங்கச்சி அதுல கொஞ்சம் வாசிச்சுச் சொன்னா. மோசமில்ல டே, வெவரமான மனுசந்தான். ஆனா நீ அந்த முப்பத்தேழ மட்டும் பாத்துட்டுப் புத்தகத்த மூடிட்டுப் பதினோரு சங்கதி எழுத ஒக்காந்துட்ட. கடுகு வாங்கப் போனவன் கப்பல வெலை பேசிட்டு வந்த கதைதான்.

சரி, எனக்குத் தெரிஞ்சது பனைதான், அதச் சொல்லுதேன். நீ கேக்காட்டாலும் சொல்லுவேன், காலு வலியில நீ எங்கயும் ஓடப்போறதில்ல.

பதனி எப்படி எறங்குதுன்னு ஒனக்குத் தெரியுமா? மரத்துல ஓட்டை போட்டு எடுப்பாங்கன்னு ஒன் கூட்டாளி ஒருத்தன் போன தடவ சொன்னான், நான் சிரிக்கல, விருந்தாளியாச்சேன்னு. மரத்து உச்சியில பாளை வரும். அதச் சேத்துக் கட்டி, கடிப்ப வச்சு நசுக்கி நசுக்கிப் பக்குவம் பண்ணணும். மரத்து மேல முருக்குத்தடியச் சாத்தி, கால்ல நாரப் போட்டுக்கிட்டு, இடுப்புல அருவாப் பெட்டியோட ஏறிப் போயி அந்த வேலையச் செஞ்சா, சில நாளைக்கு ஒரு சொட்டு வராது. வெறுங் கலயத்தக் கட்டிட்டு எறங்கணும். மறுநாளும் ஏறணும். ஒரு நாளு நுனி கசியும். அப்பொறந்தான் அசல் வேலை. காலையில ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம் ஏறி, பாளை நுனிய மெல்லிசாச் சீவணும். நேத்துச் சீவுன வாயி காஞ்சு மூடிக்கிடும். ஒரு பொறணி எடுத்து விட்டா மறுபடி தொறக்கும். எவ்வளவு சீவணும்? ஒரு நூல் கனம். ஆசாரி சொல்லுத நூலு இல்ல, அது அரைக்கால் அங்குலம், ரொம்ப மொத்தம். துணி தைக்கிற நூலு. சீவுன துண்ட வெயிலுக்கு நேராப் பிடிச்சா வெளிச்சம் தெரியணும்.

நான் மொத மொதலா அருவாளப் பிடிச்சப்ப பதினாறு வயசு. எங்க அய்யா எனக்கு ஆறு மரத்த ஒதுக்கிக் குடுத்தாரு. எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. நூல் கனம் சீவுனா இவ்வளவு பதனி வருதுல்லா, வெரக்கட சீவுனா எவ்வளவு வரும்? வயசு அப்படி. நாலு நாளு நல்லா மொத்தமாச் சீவித் தள்ளுனேன். கலயத்துல கூட ஒண்ணும் வந்துரல, அதே அளவுதான். ஆனா பாளை குட்டையாப் போயிருச்சு. அய்யா கீழ நின்னு அண்ணாந்து பாத்தாரு. ஒண்ணும் பேசல. மரத்தடியில கெடந்த துண்டுல ஒண்ணப் பெறக்கிட்டு வந்து திண்ணையில ஒக்காந்தாரு. இடுப்பு அருவாள எடுத்து, அந்த ஒரு துண்ட அஞ்சு மெல்லிசுத் துண்டாச் சீவி, வரிசையா வச்சாரு. ஒவ்வொண்ணா வெரல வச்சுத் தொட்டு, "திங்க, செவ்வா, பொதன், வியாழன், வெள்ளி"ன்னாரு. பொறவு என்னப் பாத்து, "ஒரு வாரத்த ஒரே வெட்டுல வெட்டிட்டியே, சனிக்கிழமை என்னத்தச் சீவுவ?"ன்னு கேட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டாரு. அடிச்சிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன். எல்லார் மரத்துலயும் ஆனி மாசம் வரைக்கும் பதனி எறங்குச்சு. என் ஆறு மரத்துல சித்திரையிலயே அந்தப் பாளை எல்லாம் முடிஞ்சுபோச்சு.

இப்பம் செவத்துத் தாளப் போயிப் பாத்துட்டு வா. அந்தப் பதினோரு சங்கதியில எத்தன சனிக்கிழமை கெடக்குன்னு எண்ணிப் பாரு. அஞ்சு கிலோமீட்டர்னு எழுதியிருக்கியே, அத எங்க அய்யா கையில குடுத்திருந்தா அம்பது துண்டாச் சீவியிருப்பாரு.

அதோட ஒண்ணு, கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவணும். ஒரு வெரல்ல எடுத்து உள்பக்கம் இழுகுனாப் போதும். அது இருந்தா பதனி, இல்லன்னா கள்ளு. பதனிய வித்தா காசு, கள்ள வித்தா போலீசு. ஒரு வெரல் சுண்ணாம்புதான் நடுவுல நிக்குது. இதுல ஒனக்கு ஏதும் புத்திமதி இருக்கான்னு கேட்டா எனக்குத் தெரியாது, ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்.

நீ இருவத்தொரு நாளு கணக்கும் சொன்ன. இருவத்தொரு நாளு எதையும் விடாமச் செஞ்சா அது பழக்கமாயிரும்னு. யார் சொன்னதுன்னு ஒன் தங்கச்சிகிட்ட விசாரிச்சேன். பாளையங்கோட்டையில மனசு சம்பந்தமாப் படிக்காள்ல, அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு டாக்டராம். முகத்த, மூக்கச் சீர்பண்ணி விடுத டாக்டரு. ஆப்ரேசன் பண்ணிக்கிட்டவங்களுக்குப் புது மொகம் பழகக் கொறஞ்சது இருவத்தொரு நாளாவது ஆகுதுன்னு கண்டு, 1960ல ஒரு புத்தகத்துல எழுதுனாராம். "கொறஞ்சது"ங்கிறத வழியில யாரோ எறக்கி விட்டுட்டாங்க. மூக்கு பழகுன கணக்க எடுத்துட்டு வந்து நீ நாலரை மணிக்கு மாட்டிப் பாக்க!

பொறவு லண்டன்ல பிலிப்பா லாலின்னு ஒரு அம்மா ஒழுங்காவே சோதிச்சுப் பாத்திருக்கா. 96 பேரு, 12 வாரம். காலைச் சாப்பாட்டுக்குப் பொறவு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறவுன்னு, தெனமும் நடக்குத ஒரு காரியத்தோட ஒரு சின்னப் பழக்கத்த முடிச்சுப் போட்டுக்கிடச் சொன்னா. பழம் திங்கிறது, தண்ணி குடிக்கிறது, கொஞ்சம் ஓடுறது இப்படி. யோசிக்காமத் தானா கை போகுத நெலைமைக்கு வர, நடுமட்டமா 66 நாளு ஆச்சாம். ஒருத்தருக்குப் பதினெட்டு நாளு, இன்னொருத்தருக்கு 254 நாளு. நான் விடல. "ஏ தாயி, பன்னெண்டு வாரம்னா எம்பத்துநாலு நாளுதான, 254 எங்க இருந்து வந்துச்சு?"ன்னு கேட்டேன். அவ சிரிச்சிட்டா. போற போக்க வச்சுக் கணக்குல நீட்டிப் பாத்ததாம். பாத்தியா, பெரிய படிப்புக்காரங்களும் கொஞ்சம் நீட்டத்தான் செய்யுதாங்க. ஆனா அவ சொன்னதுல ஒண்ணு எனக்குப் புடிச்சுது. நடுவுல ஒரு நாளு விட்டுப்போச்சுன்னா பெரிசா ஒண்ணும் கெட்டுப்போகலையாம்.

பாளை அப்படி இல்ல டே. ரெண்டு நேரம் ஏறாம விட்டா மூஞ்சியத் திருப்பிக்கிடும். காய்ச்சலோட ஏறியிருக்கேன், ஒங்க அப்பன் பெறந்த அன்னைக்கும் ஏறியிருக்கேன். மனுச மனசு பாளைய விட நல்ல சாதி, ஒரு நாளுக்குக் கோவிக்காது. நீதான் கோவிச்சுக்கிடுத. இன்னைக்கு நாலரைக்கு எந்திக்கல, எல்லாம் போச்சுன்னு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க. எது போச்சு? நாளைக்கு ஏழு மணிக்கு எந்தி. நீ ஒன்பதரைக்கு எந்திக்கிற பய, ஒனக்கு ஏழு மணியே விடியக்காலம்.

என் கதையக் கேளு. அறுவத்திரண்டு வயசுல மரம் ஏறுறத விட்டேன். விட்ட ஆறே மாசத்துல முட்டு ரெண்டும் பூட்டிக்கிச்சு. அம்பதடி மரத்துல ஏறி எறங்குனவன், வாசப்படியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். டாக்டரு, தெனமும் முக்கா மணி நேரம் நடங்கன்னாரு. சரிங்க சார்னு தலைய ஆட்டிட்டு வந்து படுத்துட்டேன். அப்பொறம் ஒரு நாளு, பல்லு வெளக்குன கையோட சொம்பத் தூக்கிட்டு வேலி வரைக்கும் போயி கொப்பளிச்சிட்டு வந்தேன். மறுநாளு வேலியில இன்னொரு குச்சி தள்ளிப் போயிக் கொப்பளிச்சேன். பல்லு வெளக்காம இருக்க முடியாதுல்லா, அதுனால நடக்காமயும் இருக்க முடியல. வேலி முடிஞ்ச எடத்துல தெரு, தெரு முடிஞ்ச எடத்துல டீக்கடை. அங்க ஓசிப் பேப்பரு. எழுத்துக் கூட்டிப் படிக்குத ஆளுக்கு ஒரு பேப்பரு ஒன்றரை மணி நேரம் ஓடும். இன்னைக்கு வரைக்கும் நான் நடக்கதுக்குன்னு நடந்ததில்ல, பேப்பருக்குத்தான் போறேன். அங்க உளுந்தவடை ஒண்ணு தின்னுட்டு, நடந்து கரைச்சத வட்டியோட ஈடுகட்டிட்டுத்தான் திரும்பி வருவேன். இத ஆச்சிகிட்டச் சொல்லிராத.

பீகார்ல மலைய ஒடைச்ச ஆளு படம் ஒன் போனு முகப்புல வச்சிருக்கல்லா? தசரத் மாஞ்சி. கயா பக்கம் கெலௌர்னு ஊரு. அவரு கதையயும் கேட்டு வச்சிருக்கேன். சுத்தியலும் உளியும் வச்சு, 1960ல தொடங்கி 1982 வரைக்கும் மலைய வெட்டி வழி போட்டாரு. 360 அடி நீளம், 30 அடி அகலம், சில எடத்துல 25 அடி ஆழம். அம்பத்தஞ்சு கிலோமீட்டர் சுத்திப் போனது பதினஞ்சா ஆயிருச்சு. நீளத்த வச்சு வகுத்துப் பாத்தோம் நானும் ஒன் தங்கச்சியும்: நாளைக்கு அரை அங்குலம். ஆசாரி நூலுல நாலு நூலு. கட்டவெரல் நகத்தோட நீளம் வருமா? அவ்வளவுதான். அத வாட்சுல காட்டுனா, "இன்னைக்கு நீங்க எதுவுமே செய்யலை"ன்னு சொல்லியிருக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், இந்தத் தன்னம்பிக்கைக் கூட்டத்துல பேசுதவனுவ இதச் சொல்லமாட்டானுவ. அந்த மனுசன் தன்ன வளத்துக்கிடணும்னு மலைய ஒடைக்கல. அடிபட்ட பொண்டாட்டிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லாம, அவ செத்துப்போனா. அந்த ஆத்தாமையில ஒடைச்சாரு. அந்த ரோட்ட ஒரு சர்க்காரு ஒரு வருசத்துல போட்டிருக்கலாம். ஒரு ஏழைய இருவத்திரண்டு வருசம் கல்லு ஒடைக்க விட்டுட்டு, செத்த பொறவு 2016ல தபால் தலையில படம் போட்டாங்க. அவரு படத்தக் காட்டி "நீயும் விடாம முயற்சி பண்ணு"ன்னு ஒருத்தன் சொன்னா, "அண்ணாச்சி, ரோடு போடுறது யாரு வேலை?"ன்னு நான் கேப்பேன்.

இதுக்கு மேல சொல்லுதத வெளிய சொல்லிராத, ஒன் புத்தகக்காரங்க வருத்தப்படுவாங்க. நான் நாப்பத்தாறு வருசம் மரம் ஏறுனேன். சீசன்ல ஒரு நாளு தப்புனது கெடையாது. முப்பத்தஞ்சு மரம், ரெண்டு நேரம். சின்னச் சின்னதா, விடாமச் செய்யுறவன் ஜெயிப்பான்னா, உடன்குடி பஜார்ல பாதி என் பேருல இருக்கணும். எங்க இருக்கு? மரம் அடுத்தவனோடது, பாட்டம் குடுக்கணும். சீசனுக்கு முந்தியே வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கித் தின்னாச்சு, கருப்பட்டிய அவரு சொன்ன வெலைக்கு அவருக்கே போடணும். ஏழெட்டு லிட்டர் பதனியக் காய்ச்சுனா ஒரு கிலோ கருப்பட்டி. அந்த ஒரு கிலோவ அவரு தராசுல வச்சா தொள்ளாயிரத்து அம்பது கிராம்தான் நிக்கும். அவரும் விடாமுயற்சிக்காரருதான் டே! தெனமும் அம்பது அம்பது கிராமா, ஒரு நாளு தப்பாம. பத்து வருசத்துல மாடி வீடு கட்டுனாரு. அவரு புத்தகம் எழுதல, எழுதியிருந்தா நல்லா வித்திருக்கும்.

அதுனால, சின்னதாத் தொடங்குன்னு ஒருத்தன் சொன்னா, எந்த மரத்துலன்னு கேட்டுக்கிடு. பட்ட பனையில ஏறி, நூல் கனத்துக்கு எவ்வளவு நேத்தியாச் சீவுனாலும் அருவாதான் தேயும். நீ அந்தக் கம்பெனியில மூணு வருசமா ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒக்காருதியே, அது பாளை விட்ட மரமா, பட்ட மரமான்னு ஒரு நாளாவது அண்ணாந்து பாத்தியா? அதப் பாக்காம, ஓடுனா சரியாப்போகும், குளிச்சா சரியாப்போகும்னு ஒன்னையவே போட்டுச் சீவிக்கிட்டுக் கெடக்க.

அப்ப நம்ம குடும்பம் எப்படிக் கரையேறுச்சுங்க? நல்ல கேள்வி. ஒங்க அப்பன் திருநெல்வேலியில ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சான்லா, அந்தப் பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கே பதினோரு வருசம் தெரியாது. விடிலியில பதனியக் காய்ச்சுறது ஒங்க ஆச்சி. பொங்கி வழியாம இருக்க ஆமணக்கு முத்தத் தட்டிப் போட்டு, துடுப்பால கிண்டி, பதம் பாத்து, சிரட்டையில ஊத்துவா. அவ கண்ணு ரெண்டும் அந்தப் புகையில பழுத்துத்தான் இன்னைக்குக் கண்ணாடி போட்டிருக்கா. தெனமும் ஊத்துற சிரட்டையில ஒண்ண மட்டும் எடுத்து, ஓலைப் பொட்டியில வச்சு, அடுப்புப் புகை படுற மாதிரி பரண்ல ஏத்திருவா. ஒரு நாளைக்கு ஒண்ணு. நான் எண்ணிப் பாக்கவா போறேன்? சீசன் முடிஞ்சு, ஐப்பசி கார்த்திகையில மழை பெஞ்சு, கருப்பட்டி வெலை ஏறும்போது, தெருவுக்கு வார ஒரு பொம்பளைகிட்ட, முன்பணமும் இல்லாம, அந்தத் தராசும் இல்லாம, எண்ணிக் காசு வாங்கிருவா. அந்தக் காசுலதான் ஒங்க அப்பன் படிச்சான், அந்தப் படிப்புலதான் நீ சென்னையில ஏசி ரூமுல ஒக்காந்துக்கிட்டு "நன்றியுணர்வு"ன்னு எழுதுத.

பதினோரு வருசம் கழிச்சு பரண்ல எலி புடிக்க ஏறுனவன் பொட்டியப் பாத்துட்டு, "என்னட்டி இது"ன்னு கேட்டேன். "எலிக்கு வச்சிருக்கேன்"ன்னா. இன்னைக்கு வரைக்கும் அதுக்கு மேல அவ ஒரு வார்த்த சொன்னதில்ல. நீ போயிக் கேட்டுப் பாரு, வேலை கெடக்கு, போலேன்னு வெரட்டுவா.

நீ சின்னப்புள்ளையில இங்க வரும்போது கிழங்குப் பாத்தியத் தோண்டித் தோண்டிப் பாப்ப, ஞாபகம் இருக்கா? பனங்கொட்டையப் பொதச்சு வச்சா அது மொதல்ல மேல வராது, கீழ எறங்கும். மூணு நாலு மாசம் மண்ணுக்குள்ளயே கெடந்து கிழங்கு கட்டும். நீ காலையில ஒண்ணத் தோண்டுவ, வளந்திருக்கான்னு பாத்துட்டு மறுபடி பொதைப்ப, சாயந்தரம் அடுத்ததத் தோண்டுவ. அந்தப் பொங்கலுக்கு நமக்குக் கெடச்சது பதினாலு கிழங்கு, பதினாலும் சுண்டுவெரல் கனம். இப்பம் நீ அந்த வாட்சத் தட்டித் தட்டிப் பாக்குதப்ப எனக்கு அந்தப் பாத்திதான் ஞாபகம் வருது. வளந்திருச்சா, வளந்திருச்சா.

சரி, நான் டீக்கடைக்குக் கெளம்புதேன். நீ அந்தத் தாளக் கிழிக்கவெல்லாம் வேண்டாம், அதுல பசை நல்லா ஒட்டிருக்கு, சுண்ணாம்பு பேந்துரும். பத்த அடிச்சிட்டு ஒண்ண மட்டும் வையி. எதன்னு கேக்காத, ஒனக்கே தெரியும். தெரியலன்னா, சாப்பிட்ட தட்டக் கழுவி வைக்கிறதுல இருந்து தொடங்கு, அதுக்கு நாலரைக்கு எந்திக்க வேண்டாம்.

ஆச்சி கூப்பிடுதா பாரு. இந்த வருசக் கிழங்கு அவிச்சாச்சாம். யாரும் தோண்டிப் பாக்கல, ஒவ்வொண்ணும் முழங்கை நீளம் இருக்கு. சூடா இருக்கும்போதே நாரு உரிச்சுத் தின்னு.